அளவு அதிகம், விளைவு குறைவு

பருப்பொருள் என்று மேலே எழுதி, அதிலிருந்து இரண்டு கோடு இழுத்து, ஒரு பக்கம் தூய பொருள், மறுபக்கம் கலவை என்று பிரிக்கும் படம் ஞாபகமிருக்கிறதா? தூய பொருளுக்குக் கீழே தனிமம், சேர்மம். கலவைக்குக் கீழே ஒருபடித்தானது, பலபடித்தானது. ஒன்பதாம் வகுப்பில் வேதியியலுக்குள் போகிற எல்லோரும் இந்த வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறோம். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், எப்படிக் கேட்டாலும் விழாத கேள்வி. மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடலாம்.

திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடி அறையில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். எர்ணாவூர், நெட்டுக்குப்பம், காசிமேடு பக்கத்துப் பிள்ளைகள். அந்தப் படத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் புத்தகத்தில் உதாரணம் உண்டு: இரும்பு, உப்பு, சர்க்கரைக் கரைசல், மணலும் இரும்புத்தூளும். ஒருநாள் சும்மா, "புக்ல இருக்கிறது வேணாம், நம்ம ஏரியாவுலேர்ந்து சொல்லுங்க" என்றேன். அதற்கப்புறம் இந்தப் பாடத்தை ஒரே நாளில் முடிக்க என்னால் முடிந்ததில்லை.

முதல் சண்டை நிலக்கரியில். ஒரு பையன் அதைத் தனிமம் பெட்டியில் போட்டான். கார்பன்தானே? ராயபுரத்தில் இருப்பவர்களுக்கு நிலக்கரி பாடப்புத்தகப் பொருள் கிடையாது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் விழும் பொருள். 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. பையனின் அம்மா சட்டையில் கரி விழுந்த கதையை இன்றும் சொல்வாராம்.

ஆனால் நிலக்கரி தனிமம் இல்லை. கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம், அப்புறம் எரியாத மண். நம் நாட்டு நிலக்கரியில் அந்த மண் பங்கு ரொம்ப அதிகம். நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதாவது, எரிக்கிறோம் என்று நாம் நினைக்கிற பொருளில் மூன்றில் ஒரு பங்கு எரிவதே இல்லை. இடம் மட்டும் மாறுகிறது. இதைப் பிறகு பார்ப்போம். ஏனென்றால் அந்த மூன்றில் ஒரு பங்குதான் எங்கள் ஆற்றில் கிடக்கிறது.

*

எண்ணெயும் தண்ணீரும் பலபடித்தான கலவை. பிரிபுனலில் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் முதலில் இறங்கும். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் படம். அடர்த்தி வேறுபாடு என்று ஒரு வரி எழுதினால் முழு மார்க்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பிடபிள்யூ மேப்பிள், மற்றது பெட்ரோலியப் பொருட்கள் ஏற்றி வந்த டான் காஞ்சிபுரம். கசிந்தது கப்பல் எஞ்சினுக்கு ஊற்றும் கனரக எண்ணெய். ஓரிரு நாளில் எர்ணாவூர்ப் பக்கம் கரைக் கற்களுக்கு இடையே வந்து நின்றது. அது எண்ணெய் போலவே இல்லை. கறுப்பாக, தடிமனாக, ஆறிப்போன கேழ்வரகுக் களி மாதிரி இருந்தது. உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக நின்று, பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துப்புரவுப் பணியாளர்கள், மாணவர்கள், மீனவர்கள், எல்லோரும் முழங்கைவரை கறுப்பு.

ஏன் குழாயில் ஏறவில்லை என்பதற்கு வேதியியலில் பதில் உண்டு. கனரக எண்ணெயை அலை அடிக்க அடிக்க, தண்ணீர் துளித்துளியாக எண்ணெய்க்குள் சிக்கிக்கொள்கிறது. பாலில் கொழுப்புத் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன. இங்கே தலைகீழாக, தண்ணீர்த் துளிகள் எண்ணெய்க்குள். இரண்டுமே பால்மம்தான். இந்த வகைப் பால்மத்துக்கு எண்ணெய்க் கசிவு வேலை செய்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் பெயர் 'சாக்லெட் மூஸ்'. பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கும். கசிந்த எண்ணெயின் கனஅளவு மூன்று, நான்கு மடங்காகப் பெருகும். பாகுநிலை எகிறிவிடும். அடர்த்தியும் கடல் நீருக்கு மிக அருகே வந்துவிடும், அதனால் தெளிந்து பிரியாது. பிரிபுனல் பாடத்தின் அடிப்படையே அடர்த்தி வேறுபாடுதான். அதைத்தான் கடல் முதலில் அழித்துவிட்டது.

இதை விளக்கி முடித்தபோது நெட்டுக்குப்பத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ பிரிபுனல் எம்மாம் பெருசு வேணும்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கேள்வி பிடித்திருந்தது. பாடப்புத்தகத்தில் கலப்பதும் பிரிப்பதும் எதிரெதிரே, சம அளவில் இருக்கும். இடது பக்கம் கலவை, வலது பக்கம் பிரிக்கும் முறை. நிஜத்தில் கலப்பதற்குக் காசே ஆகாது, தானாகவே நடக்கும். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சொட்டுக்கும் ஆற்றல் செலவழிக்க வேண்டும். காட்டுப்பள்ளியில் 2010ல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும்படி கட்டியது. கடல் நீர் ஒருபடித்தான கலவை. அதிலிருந்து உப்பைப் பிரிக்க, பெரும் அழுத்தத்தில் தண்ணீரைச் சவ்வு வழியே தள்ள வேண்டும். கரண்ட் பில்தான் அங்கே பெரிய செலவு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட ஐந்து வயதுப் பிள்ளை போதும்.

*

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது. வானிலிருந்து பார்த்த கடலோரக் காவல்படை சுமார் 20 சதுர கிலோமீட்டர் என்றது. இந்த முறை கடற்கரைக் கற்கள் மட்டுமில்லை, எர்ணாவூரில் வீட்டுச் சுவர்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஒவ்வொரு சுவரிலும் ஒரே உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தன. அலையாத்திச் செடிகளின் மூச்சு வேர்கள் கறுப்புப் பென்சில் மாதிரி நின்றன.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. அந்த வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. 'எங்கிருந்து' என்ற கேள்விக்கு வேதியியல் எப்படிப் பதில் தேடும் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

சேர்மத்துக்கும் கலவைக்கும் ஐந்து வேறுபாடு கேட்டால் முதல் வேறுபாடு: சேர்மத்தில் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும், கலவையில் எந்த விகிதத்திலும் இருக்கலாம். நாம் இதைக் கலவைக்கு ஒரு குறை மாதிரி படிக்கிறோம். ஒழுங்கில்லாதது, நிலையில்லாதது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் என்ற சேர்மம் கங்கையில் இருந்தாலும் கூவத்தில் இருந்தாலும் ஹெச்டூஓதான். வெறும் மூலக்கூறைக் கையில் எடுத்து நீ எந்த ஊர் என்று கேட்டால், சாதாரண சோதனை எதிலும் அது வாய் திறக்காது. கலவை அப்படியில்லை. கச்சா எண்ணெயில் ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள். எந்தப் பாறையில், எந்த உயிரின் எச்சத்திலிருந்து, எத்தனை சூட்டில் வெந்து வந்தது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். சுத்திகரித்த பிறகும், ஆற்றில் கிடந்து வெயிலில் காய்ந்த பிறகும்கூட, ஹோபேன் மாதிரி எளிதில் சிதையாத சில மூலக்கூறுகளின் விகிதம் அப்படியே நிற்கும். ஆற்றில் எடுத்த மாதிரியையும் சந்தேகப்படும் தொட்டியில் எடுத்த மாதிரியையும் வாயு வண்ணப்பிரிகையில் ஓட்டி, இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். இதற்கு 'எண்ணெய்க் கைரேகை' என்றே பெயர். கலவையாக இருப்பதால்தான் அதற்கு ரேகை இருக்கிறது.

இதைச் சொன்ன அன்று அந்த நெட்டுக்குப்பத்துப் பெண், "எங்க ஆயாவுக்கு மிஷினே வேணாம்கா" என்றாள்.

அவள் ஆயா கூடையில் மீன் விற்பவர். ஒருநாள் மாடிக்கு வந்தார், பேத்தியைக் கூப்பிட. நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். இறாலை மோந்து பார்த்தே எது கழிமுகத்தில் பிடித்தது, எது கடலில் பிடித்தது என்று சொல்லிவிடுவாராம். "எண்ணெ பட்ட மீனு வெளியில நல்லாத்தான் இருக்கும்மா. செவுளு சிவப்பா இருக்கும், கண்ணு பளிச்சுனு இருக்கும். கொழம்புல போட்டாதான் மண்ணெண்ணெ வாசம் வரும். அதுக்கப்புறம் அந்த வூட்டுக்காரம்மா நம்ம கூடையத் தொடாது." புயலுக்குப் பிறகு பல வாரங்கள் வாடிக்கைக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி, "எண்ணூர் மீனா?" என்பதுதான். வஞ்சிரமா சங்கராவா என்று கேட்கவில்லை. ஆழ்கடலில் பிடித்து ஐஸில் வந்த மீனாக இருந்தாலும், கூடையைத் தூக்கி வருகிறவர் எண்ணூர் என்றால் அது எண்ணூர் மீன். நிவாரணப் பட்டியலுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஆயாவிடம் படகு இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை. வலை? இல்லை. "கூடதான் கீது"ன்னு சொன்னேன், எழுதிக்கல என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் எப்போ வரும் என்பதைப் போலச் சொன்னார்.

கிளைப்படங்களில் எனக்கு இருக்கும் பயம் இதுதான். எந்தப் பெட்டியிலும் விழாதது இல்லாததாகிவிடுகிறது.

*

மணம், நிறம், உருகுநிலை, கொதிநிலை: இயற்பியல் பண்புகள். எரியும் தன்மை, அமிலத்தோடு வினைபுரிதல்: வேதிப் பண்புகள். மணம் இயற்பியல் பண்பு என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு எந்த ஸ்டேஷன் என்று சொல்வார்கள். ஸ்டேஷன் பெயரே வேதியியல்தான்: விம்கோ நகர், தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். வெள்ளை பாஸ்பரஸும் அதே தனிமம்தான். காற்றில் தானாகப் பற்றும், நஞ்சு. ஒரே தனிமம், இரண்டு குணம்.

அந்த டிசம்பர் அதோடு முடியவில்லை. 26ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு பெரியகுப்பத்தில் அம்மோனியா. கப்பலிலிருந்து கரைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரக் கடலுக்கடியில் போட்ட குழாய் கசிந்தது. ஜனங்கள் கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில். கண் எரிச்சல், மூச்சடைப்பு, மயக்கம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம். இருக்க வேண்டிய வரம்பு 400. குழாய்க்கு அருகே கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

ஜனவரியில் டியூஷன் திறந்ததும் நான் அம்மோனியாவைத்தான் எடுத்தேன். பாடத்திட்டப்படி அதற்கு இன்னும் நாள் இருந்தது. கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. அதனால்தான் குளிரவைத்துத் திரவமாகக் கொண்டுவருகிறார்கள், வெளியே வந்தால் உடனே வாயு. காற்றைவிட லேசானது, ஆனால் குளிர்ந்து ஈரத்தோடு சேர்ந்தால் தரையை ஒட்டியே தவழும். தண்ணீரில் கரைகிற கதையைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்: அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்குள் சுமார் 700 லிட்டர் அம்மோனியா போய்விடும். கண்ணும் தொண்டையும் ஏன் முதலில் எரிகின்றன? உடம்பில் ஈரமான இடங்கள் அவை. கரைந்து காரமாகிறது. அதே பண்புதான் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது: ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்காக நட. துணியிலிருக்கும் தண்ணீர் முதலில் அதைக் குடித்துவிடும்.

'அம்மோனியா நீரில் நன்கு கரையும்' என்பது ஒரு மார்க் வரி. அன்று அதை யாரும் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஒருத்தன் மட்டும், "துணி காஞ்சிட்டா?" என்று கேட்டான். திரும்ப நனைக்கணும். "அப்போ தண்ணி பாட்டிலையும் எடுத்துட்டு ஓடணும்." ஆமாம். வேதியியல் வகுப்பில் இதைவிடப் பயனுள்ள உரையாடல் எனக்கு நடந்ததில்லை.

அம்மோனியாவிலிருந்து அம்மோனியம் நைட்ரேட் ஒரு படி தூரம். 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்தது. அடுத்த இரண்டு நாளில் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் அதே சேர்மம் 740 டன் கிடப்பது செய்தியானது. 2015ல் சுங்கத்துறை பிடித்து வைத்தது. உரம் என்று பதிவு செய்து இறக்குமதி செய்திருக்கிறார்கள், சோதனையில் வெடிபொருள் தரம் என்று தெரிந்தது. ஒரே மூலக்கூறு வாய்பாடு, இரண்டு பெயர்ச்சீட்டு. 2012ஆம் ஆண்டு விதிகள் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் இருந்தால் வெடிபொருளாகவே பார்க்கின்றன. ஐந்து வருடம் மணலி ஜனங்கள் அதன் பக்கத்தில் தூங்கியிருக்கிறார்கள். பிறகு லாரிகளில் ஹைதராபாத் பக்கம் போனது.

*

இப்போது சாம்பலுக்கு வருகிறேன்.

அபாயகரமான கழிவுகள் எவை என்று வரையறுக்கும் மத்திய அரசின் 2016 விதிகளில் முதல் அட்டவணைக்கு ஒரு குறிப்பு உண்டு. 'அளவு அதிகம், விளைவு குறைவு' என்ற வகைக் கழிவுகள் அபாயகரமானவை என்ற பிரிவிலிருந்து விலக்கப்படுகின்றன. அவற்றுக்குத் தனி வழிகாட்டுதல் வரும். அந்த வகையில் முதலில் நிற்பது அனல்மின் சாம்பல். அடுத்தது பாஸ்போஜிப்சம், உர ஆலையில் மிஞ்சுவது. இரண்டையும் எங்கள் ஊரில் தேட வேண்டியதில்லை.

இந்த வகைப்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கைப்பிடி சாம்பலும் ஒரு கைப்பிடி சயனைடும் ஒன்றல்ல. சாம்பலில் செங்கல் செய்யலாம், சிமென்ட்டில் கலக்கலாம். ஆனால் விளைவு என்பது ஒரு கைப்பிடியின் பண்பா, மொத்தக் குவியலின் பண்பா? வேதியியல் புத்தகம் இதற்குத் தெளிவான சொல் வைத்திருக்கிறது. அடர்த்தி, கொதிநிலை போன்றவை அளவைச் சாராப் பண்புகள். ஒரு சொட்டிலும் ஒரு குடத்திலும் ஒன்றே. நிறை, கனஅளவு அளவைச் சார்ந்தவை. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். வல்லூர் 1,500. நூறு கிலோவுக்கு முப்பது, நாற்பது கிலோ என்ற கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பலைத் தண்ணீரில் கலக்கிக் குழம்பாக்கி, ஆற்றைத் தாண்டும் குழாய்களில் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் ஆற்றில் இறங்கும். படகு போன இடத்தில் ஆள் நடக்கலாம் என்று மீனவர்கள் சொல்வது மிகையில்லை, நான் நடந்திருக்கிறேன். கணுக்கால்வரை சாம்பல், முழங்கால்வரை தண்ணீர். காலை எடுத்தால் சிமென்ட் பூசியதைப் போலக் காயும். மேடான ஆற்றில் இறால் தங்காது. கையால் தடவித் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்த பறிக்குள் போடும் இருளர்களுக்கு இந்த விளைவு குறைவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சாம்பலில் என்ன இருக்கிறது? பெரும்பங்கு சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு, கொஞ்சம் சுண்ணாம்பு. மிகச் சிறிய அளவில் ஆர்சனிக், காரீயம், பாதரசம். இதில் ஒரு வேடிக்கை. 1789ல் லவாய்சியர் தன் நூலில் எளிய பொருட்கள் என்று 33 பெயர்களைப் பட்டியலிட்டார். நவீனத் தனிமப் பட்டியலின் தொடக்கம் அது. அதில் ஒளியும் வெப்பமும் இருந்தன. சிலிக்கா, அலுமினா, சுண்ணாம்பு மூன்றும் இருந்தன. எங்கள் ஆற்றில் கிடக்கிற அதே மூன்று! அவரால் அவற்றை மேலும் உடைக்க முடியவில்லை, அதனால் தனிமம் வரிசையில் வைத்தார். பட்டியலை மாற்ற வேண்டியிருக்கும் என்றும் அவருக்குத் தெரியும். 1808ல் டேவி சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார். 1820களில் சிலிக்கானும் அலுமினியமும் தனியே வந்தன. பெட்டி மாறியது.

போன மாசம் அந்த நெட்டுக்குப்பத்துப் பெண் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கழிமுகத் தண்ணீர் கொண்டுவந்தாள். குலுக்கி மேசையில் வைத்தோம். ஐந்து நிமிடத்தில் அடியில் சாம்பல் படிந்தது: தொங்கல். மறுநாள் பார்த்தால் மேலே இன்னும் லேசான கலங்கல். அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தோம். ஒளிக்கற்றை பாட்டிலுக்குள் கோடு போட்டது. டிண்டால் விளைவு: கூழ்மம். வடிதாளில் வடித்து, இறங்கிய தண்ணீரை இரும்புக் கரண்டியில் சூடாக்கியதும் வெள்ளையாக உப்பு ஒட்டியது: கரைசல். மேலே விரல் நுனி அளவுக்கு ஒரு வானவில் படலம் மிதந்தது, அது எண்ணெய். நான்கையும் நோட்டில் வரைந்து அம்புக்குறி போட்டாள்.

"கழிமுக நீர், எவ்வகைக் கலவைன்னு கேட்டா இன்னாக்கா எழுதறது?"

நாலையும் எழுது என்றேன்.

"ரெண்டு மார்க் கேள்விக்கா அது."

பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. ஆயா வீட்டுக்குள் வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். என் ஜன்னலில் இருக்கிறது. சாம்பல் ஒன்றரை விரற்கடை உயரம் படிந்திருக்கிறது.